ரெண்டு தலை, நாலு சடை, இருபது நிமிடம்

காலை 7.40-க்குப் பள்ளி வேன். 7.20-க்கு இரண்டு பெண்களும் கண்ணாடி முன்னால். சின்னவள் சீப்பைப் பார்த்ததுமே "வலிக்குதும்மா" என்று அழத் தொடங்குகிறாள். சீப்பு இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. பெரியவள், "நேத்தும் அவளுக்குத்தான் முதல்ல பின்னினீங்க" என்று வழக்கு கொண்டு வருகிறாள். ஒரு பெண்ணுக்குத் தலை வாருவது கைவேலை. இரண்டு பெண்களுக்கு வாருவது பாதி கைவேலை, பாதி பஞ்சாயத்து. பஞ்சாயத்தை முதலில் முடித்துவிட்டால் சடை சுலபம் என்பதால் அந்த வரிசையிலேயே பார்ப்போம். 3 வயதிலிருந்து 8 வயதுக்குள் இரண்டு பெண்கள் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தும்.

யாருக்கு முதலில்

பல வீடுகளில் ஒற்றைப்படைத் தேதி பெரியவளுக்கு, இரட்டைப்படைத் தேதி சின்னவளுக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். மாதக் கடைசி வரை நன்றாக ஓடும். 31-ம் தேதிக்கு அடுத்த நாள் 1-ம் தேதி, இரண்டுமே ஒற்றைப்படை. வருடத்தில் 7 மாதங்களுக்கு 31 நாள். ஆக 7 முறை பெரியவளுக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் முதலிடம் கிடைக்கும். எண்ணத் தெரிந்த பிள்ளை இதைக் கண்டுபிடிக்காமல் விடாது.

இதைவிட நல்ல வழி சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டர். இன்றைக்குத் தாள் கிழிப்பவள் இரண்டாவதாக உட்காருவாள், மற்றவளுக்கு முதலிடம். நாளைக்கு அப்படியே மாறும். ஒருத்திக்குத் தாள், ஒருத்திக்கு இடம் என்று ஆகிவிடுவதால் யாரும் வெறுங்கையோடு நிற்கமாட்டார்கள். கிழித்த தாளின் பின்பக்கம் கிழித்தவளின் முதல் எழுத்தை எழுதி, மறுநாள் வரை ஒரு கிளிப்பில் மாட்டி வையுங்கள். "நேத்து யாரு?" என்ற கேள்விக்கு அதுதான் சாட்சி. காலண்டரை மட்டும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் மாட்டி, கிழிக்கும்போது நீங்கள் தூக்கிப் பிடியுங்கள். கைக்கு எட்டினால் சின்னவள் ஒரே காலையில் ஆடி மாசத்தையே முடித்துவிடுவாள்.

காத்திருப்பவளுக்கு ஒரு வேலை வேண்டும். சும்மா நின்றால் அவள் கை அக்காவின் தலைக்கோ தங்கையின் தலைக்கோ போகும். ரிப்பன், கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் ஒரு தட்டில் போட்டு அவளிடம் கொடுத்து, நீங்கள் கேட்கக் கேட்க எடுத்துத் தரச் சொல்லுங்கள். இந்தப் பதவிக்கு ஒரு பெயரும் வைத்துவிடுங்கள். "ரிப்பன் டீச்சர்" என்றால் பெரும்பாலும் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார்கள்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கேட்டாலும் இரண்டைக் காட்டியே கேளுங்கள். "எந்த கிளிப்பும்மா வேணும்?" என்று டப்பாவைத் திறந்து வைத்தால் வேன் போய்விடும். "மஞ்சளா, பச்சையா?" என்றால் 5 விநாடிதான்.

சிக்கு எடுப்பது

அழுகையில் முக்கால்வாசி இங்கேதான் வருகிறது. காரணம், பெரியவர்கள் அவசரத்தில் உச்சியிலிருந்து சீப்பை இழுக்கிறார்கள். மேலே இருக்கும் சின்னச் சின்னச் சிக்கெல்லாம் கீழே தள்ளப்பட்டு, காதுக்குக் கீழே ஒரே பந்தாகச் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு எப்படி இழுத்தாலும் வலிதான்.

அகலப் பல் சீப்பை எடுங்கள். முடி காய்ந்திருக்கட்டும். தோள்வரை உள்ள முடிக்கு அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, முடியின் கீழ்ப்பாதியில் மட்டும் தடவுங்கள். முடி ஒன்றோடொன்று வழுக்கிப் போகவே இந்த எண்ணெய். மண்டைக்கு இப்போது தேவையில்லை, நெற்றியில் வழிந்து சீருடைக் காலரில் இறங்கும்.

இப்போது ஒரு பக்க முடியைக் கையில் பிடியுங்கள். பிடி சிக்குக்கு மேலே இருக்க வேண்டும். சீப்பு இழுக்கும் இழுப்பு உங்கள் முஷ்டியோடு நின்றுவிடும், மண்டைக்குப் போகாது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்தாலே பாதி அழுகை நின்றுவிடும். நுனியிலிருந்து 3 விரல்கடை மட்டும் முதலில் வாருங்கள். அது வழுவழுவென்று ஆனதும் இன்னும் 3 விரல்கடை மேலே. இப்படியே ஏறி, கடைசியில்தான் உச்சியிலிருந்து நுனிவரை ஒரே வாரலாக வார வேண்டும். சீப்புக்கு அசையாத சிக்கை விரலாலேயே பிரியுங்கள், பூச்சரத்து முடிச்சைப் பிரிப்பது மாதிரி.

வாருவதற்கு முன்பே எண்ணிக்கை பேசிக்கொள்வது நல்ல பலன் தரும். "பத்து தடவை, அவ்வளவுதான். நீயே எண்ணு." எண்ணுவது அவள் கையில் இருப்பதால் பயம் குறைகிறது. நாலு வயதுக்காரி "அஞ்சு, ஆறு, எட்டு, பத்து" என்று தாவி எண்ணுவாள். திருத்தப் போகாதீர்கள், அக்கா திருத்துவாள், அதில் ஒரு சண்டை வரும். அவள் "பத்து" என்றதும் சீப்பை எடுத்துவிடுங்கள். சிக்கு மிச்சமிருந்தால் "இந்தப் பக்கத்துக்கு ஒரு அஞ்சு" என்று புதுப் பேச்சுவார்த்தை. சொன்ன எண்ணிக்கையை ஒரு நாள் மீறினால் மறுநாளிலிருந்து இந்த வழி செல்லாது.

தலைக்குக் குளித்த அன்று காலையே பின்னுவது பலர் செய்யும் தவறு. ஈரமான முடி ரப்பர் மாதிரி நீளும், அந்த நிலையில் இறுக்கிப் பின்னினால் அறுந்துபோகும். உள்ளே காற்று போகாமல் சாயங்காலம் அவிழ்க்கும்போது நாற்றமும் வரும். தலைக்குக் குளிப்பதைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சீயக்காய் கண்ணில் படுகிறது என்று கத்தினால், குளியலறைச் சுவரில் கொடிக்கம்பி உயரத்துக்கு ஒரு பூனைப் படத்தை ஒட்டிவிட்டு, "பூனைக்கு எத்தனை மீசை, பாரு" என்று சொல்லுங்கள். அண்ணாந்து பார்க்கும் தலையில் தண்ணீர் பின்பக்கமாகத்தான் வழியும். வாரத்துக்கு ஒரு முறை படத்தை மாற்றுங்கள், மீசை எண்ணிக்கை மனப்பாடமாகிவிடும்.

இரவில் தளர்வாக ஒற்றைச் சடை போட்டுப் படுக்க வைத்தால், காலையில் சிக்கு எடுக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

வகிடு

கோணல் வகிட்டுக்குக் காரணம் உங்கள் கை இல்லை, அசையும் தலை. அவளை முக்காலியில் உட்கார வைத்து, நீங்கள் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலாலும் அவள் தோளை மெதுவாக அணைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனிக்கு நேராக வால் சீப்பின் வாலை வைத்து உச்சிவரை ஒரே கோடு. பிறகு "தாடையை நெஞ்சில் வை" என்று சொல்லிவிட்டு, உச்சியிலிருந்து பிடரிக்குழி வரை இரண்டாவது கோடு. நிமிர்ந்த தலையில் பின்வகிடு எடுத்தால் எவ்வளவு கவனமாக எடுத்தாலும் வளைந்துதான் போகும். கோணல் அரை விரல்கடை என்றால் விட்டுவிடுங்கள். அதை நேராக்க மூன்றாவது முறை சீப்பைப் போட்டால் அவளுடைய பொறுமை அங்கேயே தீர்ந்துவிடும், இன்னும் இரண்டு சடை பாக்கி இருக்கிறது.

மடித்துக் கட்டும் ரெட்டைச் சடை

பல பள்ளிகளில் கேட்பது இதைத்தான். மதியத்துக்குள் அவிழ்ந்து, ரிப்பன் ஒரு கையில், லஞ்ச் பேக் ஒரு கையில் என்று பிள்ளை வீடு திரும்புவதற்குக் காரணம், பெரும்பாலும் ரிப்பனை மிகவும் கீழே சேர்ப்பது.

ஒரு பக்க முடியைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். மறுபக்கத்தைக் காதுக்குப் பின்னால், காதின் நடு உயரத்தில் சேர்த்துத் துணி சுற்றிய ரப்பர் பேண்டைப் போடுங்கள். மளிகைக் கடைப் பொட்டலத்தில் வரும் வெறும் ரப்பர் வேண்டாம். எடுக்கும்போது கொத்தாக முடியைப் பிடுங்கும். அப்படி ஒன்று ஏற்கெனவே மாட்டியிருந்தால் இழுக்காமல் நகவெட்டியால் ரப்பரை நறுக்கி எடுங்கள்.

முடியை மூன்று கால்களாகப் பிரியுங்கள். மூன்றும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஒரு கால் மெலிந்தால் சடை அந்தப் பக்கமாக முறுக்கிக்கொண்டு திரும்பும். வலதை நடுவுக்கு மேலே, இடதை நடுவுக்கு மேலே என்று மாறி மாறிப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் காலைப் பக்கவாட்டில் இழுத்து இறுக்குங்கள். கீழ்நோக்கி இழுத்தால் வலிக்கும், சடையும் தளரும்.

பாதிச் சடை முடிந்ததும் நிறுத்தி ரிப்பனைச் சேருங்கள். தோள்பட்டை எலும்பு வரை உள்ள முடிக்கு ஒரு சடைக்கு 1 மீட்டர் ரிப்பன் போதும். நடுவில் மடித்து, அந்த மடிப்பை நடுக்காலின் பின்னால் கொடுத்து, ரிப்பனின் இரண்டு பாதியையும் இடக்கால், வலக்காலோடு சேர்த்துப் பின்னிக்கொண்டு போங்கள். நுனியில் 2 அங்குலம் மிச்சம் வைத்து, ரிப்பனால் இரண்டு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு. பிறகு சடையை மேலே மடித்து, நுனி உள்பக்கமாக, கழுத்தைப் பார்த்து இருக்கும்படி ரப்பர் பேண்டுக்குப் பின்னால் செருகுங்கள். ரிப்பனின் இரண்டு முனையையும் ரப்பர் பேண்டின் இரண்டு பக்கமாகக் கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டு, அதன் மேல் பூ மாதிரி முடியுங்கள். ரிப்பன் பாதிச் சடையிலேயே முடியோடு பின்னிக்கொண்டதால், விளையாட்டுப் பீரியடில் யார் இழுத்தாலும் நுனி வழியாக வழுக்கி வராது.

இறுக்கம் சரியா என்று அவள் முகமே சொல்லும். புருவம் மேலே ஏறி, எதையோ பார்த்து ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தால் அளவுக்கு மீறிய இறுக்கம். நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தாலும் அதேதான். தினமும் இப்படி இழுத்துக் கட்டினால் நெற்றி ஓரத்திலும் காதோரத்திலும் முடி மெலிந்து கொட்டும். விடுமுறை நாட்களில் விரித்தோ தளர்வாகவோ விடுங்கள்.

அப்பா கற்றுக்கொள்ள நினைத்தால் ஓடும் தலையில் ஆரம்பிக்க வேண்டாம். பழைய துணியை மூன்று நிறத்தில் மூன்று பட்டைகளாகக் கிழித்து ஜன்னல் கம்பியில் கட்டி, நான்கு நாள் இரவு 10 நிமிடம் பின்னிப் பார்த்தால் போதும். நிறம் வேறு வேறாக இருப்பதால் எந்தக் கால் தவறிப் போனது என்று உடனே தெரியும். பெண்கள் பக்கத்தில் நின்று "அப்பா, சிவப்பு இப்ப நடுவுல வரணும்" என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த நான்கு இரவும் வீட்டில் நல்ல சிரிப்பு.

சின்னவளுக்கு முடி வளராத காலம்

குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டு வந்த பிறகு சின்னவளுக்கு ஒரு வருத்தம் வரும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். ஒரு தென்னைமரக் குடுமி நிற்கவே 8 செ.மீ. வேண்டும் என்பதால் எட்டு மாதமாவது ஆகும். அதுவரை அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "இதுதான் என் முடி" என்று ஆட்டி ஆட்டி நடப்பாள். இந்தத் துண்டை ஏளனம் செய்யாமல் மதித்து நடத்துங்கள். பழைய துப்பட்டாவின் நடுவை நெற்றிக்கு மேலே வைத்துத் தலைப்பட்டை போட்டுப் பிடித்து, பின்னால் தொங்குவதை மூன்றாகப் பிரித்து அக்காவுக்குப் பின்னுவது போலவே பின்னி, அதே நிற ரிப்பனைக் கட்டிவிடுங்கள். அன்று முழுக்கத் திரும்பித் திரும்பிக் கண்ணாடியைப் பார்ப்பாள். உங்கள் கண் முன்னால் வீட்டுக்குள் மட்டும் இது இருக்கட்டும். சைக்கிள், ஊஞ்சல், தூக்கம் மூன்றுக்கும் முன்னால் கழற்றியே ஆக வேண்டும். சக்கரத்தில் மாட்டும், கழுத்தைச் சுற்றும்.

குடுமி வந்த பிறகும் அவளுக்கு மடித்துக் கட்ட முடியாது. இரண்டு பக்கமும் குட்டிக் கொம்பு போட்டு, 40 செ.மீ. ரிப்பனில் அக்காவுடைய அளவுக்கே பூ முடியுங்கள். சடையின் நீளத்தை அவள் கேட்கமாட்டாள், ரிப்பன் பூவின் அளவைத்தான் பார்ப்பாள்.

மல்லிகை வாங்கினால் ஒரு முழத்தை இரண்டாக வெட்டுவதற்கு முன், வெட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் நூலை முடிந்துவிடுங்கள். இல்லையென்றால் வாசலைத் தாண்டுவதற்குள் பூ உதிர்ந்துவிடும். இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டிவிட்டு வையுங்கள். "அவளுக்கு ரெண்டு மொட்டு கூட" என்ற புகார் வீட்டிலேயே தீர்ந்தால் நல்லது.

கத்தரிக்கோலும் சூயிங் கம்மும்

வீடு பத்து நிமிடம் அமைதியாக இருந்தால் போய்ப் பாருங்கள். அக்கா பார்லர்காரி, தங்கை வாடிக்கையாளர். தரையில் முடி, இருவர் முகத்திலும் திருப்தி. கத்தினால் அடுத்த முறை கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெட்டுவார்கள். கத்தரிக்கோலை மெதுவாக வாங்கிக்கொண்டு, கண், காது எங்கேயும் கீறல் இல்லையே என்று முதலில் பாருங்கள். நுனியில் வெட்டியிருந்தால் சமன் செய்துவிடலாம். நெற்றியில் அடியோடு வெட்டியிருந்தால் அந்தக் கொத்து இரண்டு மூன்று மாதம் நட்டுக்கொண்டுதான் நிற்கும். பக்கத்திலுள்ள மற்ற முடியையும் அதற்குச் சமமாக வெட்டிவிடாதீர்கள், நட்டுக்கொள்வது இன்னும் கூடும். பக்க வகிடு எடுத்து மேல்முடியை அதன் மேல் படிய வைத்து இரண்டு கிளிப் போடுங்கள். அன்றே இருவருக்கும் பழைய செய்தித்தாளும் முனை மழுங்கிய கத்தரிக்கோலும் கொடுத்து, "காகிதத்துக்கு மட்டும் பார்லர்" என்று விதியைச் சொல்லிவிடுங்கள்.

சூயிங் கம் ஒட்டினால் வெட்ட வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெயைக் கம் முழுதும் ஊறும்படி தடவி 10 நிமிடம் விட்டால் இளகி விரலோடு வந்துவிடும். பெரிய உருண்டையாக இருந்தால் முதலில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை வைத்து இறுக வைத்து, உடைத்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு எண்ணெய்.

பேன்

ஒருத்தி தலையைச் சொறிந்தால் இரண்டு தலையையும் பாருங்கள். பேனுக்கு இறக்கை கிடையாது, தாவவும் தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும். ஒரே பாயில் தலையை முட்டிக்கொண்டு தூங்கும் அக்கா தங்கைக்கு இது போதும். ஒருத்திக்கு மட்டும் எடுத்தால் மறுநாள் இரவே திரும்பி வரும் என்பதால் அம்மா உட்பட எல்லாருக்கும் ஒரே நாளில் பாருங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முதலில் தேடுங்கள்.

முடியை நனைத்துக் கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி, சிக்கெடுத்து, பேன் சீப்பை மண்டையில் படும்படி வைத்து நுனிவரை இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். 1, 5, 9, 13-ம் நாட்களில் இப்படி வாரி, 17-ம் நாள் ஒரு முறை சரிபாருங்கள். ஈறு பொரிய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு எல்லாப் பேனையும் எடுத்தாலும் ஒட்டியிருக்கும் ஈறு அடுத்த வாரம் பொரிந்துவிடுகிறது. அதனால்தான் இத்தனை முறை. லோஷன் போடுவதானால் மருத்துவரைக் கேட்டுப் போடுங்கள். அதையும் பெரும்பாலும் ஒன்பது பத்து நாள் கழித்து இரண்டாம் முறை போட வேண்டியிருக்கும்.

மண்ணெண்ணெய் கூடவே கூடாது. எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தேய்ப்பதும் பழைய வழக்கம்தான், ஆனால் கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரவைக்கும் பொருள் அது. விட்டுவிடுங்கள்.

வெள்ளைத் துணியில் யாருக்கு எத்தனை என்று இருவரும் போட்டி போடுவார்கள். போடட்டும், அசையாமல் உட்கார அது உதவும். சின்னவள் வகுப்பில் போய் "எனக்குத்தான் ஜாஸ்தி, பதினாலு!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாலும் அவமானம் ஒன்றும் இல்லை, சுத்தமான தலையிலும் பேன் வரும். வகுப்பு ஆசிரியரிடம் நீங்களே சொல்லிவிட்டால் மற்ற வீடுகளிலும் பார்த்துக்கொள்வார்கள்.

சாயங்காலம்

வீட்டுக்கு வந்ததும் சடையை அவிழ்த்து, விரல் நுனியால் மண்டையை ஒரு நிமிடம் தேய்த்துவிடுங்கள். ரிப்பன் நுனி பிரிந்திருந்தால் நைலான், சாட்டின் என்றால் நுனியை மெழுகுவத்திச் சுடர் ஓரத்தில் ஒரு விநாடி காட்டுங்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். இதைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு செய்யுங்கள். பருத்தி ரிப்பன் பற்றி எரிந்துவிடும், அதைச் சாய்வாக வெட்டினால் போதும். யாருடையது என்ற சண்டைக்கு, பெரியவளின் ரிப்பன் நுனியில் சிவப்பு நூலால் ஒரு தையல், சின்னவளுடையதில் நீல நூலால் ஒரு தையல். துவைத்த ரிப்பனைக் கொடியில் போட வேண்டாம், சுருண்டுவிடும். ஈரத்தோடு இழுத்துப் பிடித்துத் தண்ணீர் பாட்டிலைச் சுற்றி, நுனியை உள்ளே செருகி வைத்துவிட்டால் காலையில் இஸ்திரி போட்ட மாதிரி இருக்கும். நாலு ரிப்பனுக்கு ஒரு பாட்டில் போதும். அதைச் சுற்றும் வேலைக்கு இருவருமே வருவார்கள், ஆளுக்கு இரண்டு.